கட்டியா, கெட்டியா?

கலாக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. என் பக்கம் குனிந்து, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏமே, யாரு இது?"

"நீங்கதான்க்கா."

"நானா?"

மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். கழுத்தின் அடியில் இருந்த தையல் தழும்பை அவர் விரல் தடவிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்தும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"சோக்கா கீது," என்றார் கடைசியில். "ஆனா இவ யாரோ நல்லா துன்னு வளந்தவ மாதிரி கீறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் பெருமையும் பொங்கியது, மறைப்பானேன். ஒல்லிக் குச்சியாக வந்த ஒரு குரலை நான் அந்த இரண்டு மூன்று நாளில் அப்படித் தேற்றி வைத்திருந்தேன்.

அந்தப் பெருமைக்குக் கிடைத்த பதிலைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். அதற்கு முன் சிலதை விளக்கியாக வேண்டும். அவசரக்காரர்கள் நாலு பத்தி தாண்டிப் போய்க்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

மாத்திரை அட்டை இல்லை

திருப்பதியில் நாங்கள் இருப்பது ஒரு மாடி வீடு. அதன் பின்னறைதான் என் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் சாய்த்து வைத்த இலவம்பஞ்சு மெத்தைகள். வீட்டுக்காரம்மா ரொம்ப நாள்வரை நான் மெத்தை வியாபாரம் செய்வதாகத்தான் நினைத்திருந்தார். ஒருநாள் வந்து, டபுள் காட் சைஸில் இருக்கிறதா என்று கேட்டார்.

பாடியவர் குரல் தனியாக, தபேலா தனியாக, கீபோர்டு தனியாகப் பதிவாகி என்னிடம் வரும். ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் உட்காரவைப்பது என் வேலை. மிக்சிங் என்பார்கள். இந்த வேலையில் நான் தினமும் புழங்கும் ஒரு சாமானுக்கு சேனல் ஸ்ட்ரிப் என்று பெயர்.

அந்தப் பெயரால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் கணவர் ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிற மனிதர். "புதுசா ஒரு சேனல் ஸ்ட்ரிப் வாங்கியிருக்கேன்" என்றேன் ஒருநாள். "ஸ்ட்ரிப்பா? உடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டார். அவருக்கு ஸ்ட்ரிப் என்றால் மாத்திரை அட்டை. கீழ்வீட்டுப் பெண்ணோ, "சேனல் ஆரம்பிச்சிட்டீங்களாமே, லிங்க் அனுப்புங்க, சப்ஸ்கிரைப் பண்றேன்" என்றாள். இரண்டு பேருக்கும் விளக்கினேன். இரண்டு பேருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

உங்களுக்காவது புரிகிறதா பார்ப்போம். பெரிய ஸ்டுடியோக்களில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை இருக்கும். உட்கார்ந்து எழுதுகிற மேஜை இல்லை. பூராவும் குமிழும் பொத்தானுமாக இருக்கிற மிக்சர். அதில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளப் பட்டை ஒதுக்கியிருப்பார்கள். உச்சியில் குரலை உள்ளே வாங்கும் குமிழ். அதற்குக் கீழே அடிச்சத்தத்தைக் கூட்டவும் கூர்மையைக் குறைக்கவும் சில குமிழ்கள். அப்புறம் ஒரேயடியாக எகிறுவதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர். குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று காட்ட ஓர் ஊசி. கடைசியில் ஏற்றி இறக்கும் ஃபேடர். அந்த ஒற்றைப் பட்டைதான் சேனல் ஸ்ட்ரிப்.

இப்போது மேஜை போய்விட்டது. பட்டையை மட்டும் கம்ப்யூட்டருக்குள் செய்து பிளகின் என்று தருகிறார்கள்.

வரைந்து வைத்த அழுக்கு

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. புதுமாதிரி பிளகின்கள் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். யாரும் அதைச் சீந்துவதில்லை. எல்லோருக்கும் வேண்டியது விண்டேஜ். அதாவது, நாங்கள் பிறப்பதற்கு முன்னால் எங்கோ ஒரு வெளிநாட்டு ஸ்டுடியோவில் இருந்த பழைய மிக்சரின் நகல்.

நகல் என்றால் லேசுப்பட்ட நகல் இல்லை. நான் வாங்கிய பிளகினைத் திறந்தால் திரையில் சாம்பல் பெயின்ட் அடித்த ஒரு தகடு தெரியும். பெயின்ட் ஓரத்தில் உரிந்திருக்கும். குமிழ்களில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும். ஓர் ஆணி கோணலாகக்கூட முடுக்கியிருந்தது. யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அந்த அழுக்கை வரைந்திருக்கிறார். என் வீட்டில் இருக்கிற அசல் அழுக்கைத் துடைக்க எனக்கு நேரமில்லை.

படத்தோடு நிற்கவில்லை. பழைய மிக்சரில் மின்சாரத்தால் ஒரு ஊமை ரீங்காரம் வருமாம். அதையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பொத்தான், எந்த நாட்டுக் கரண்டின் ரீங்காரம் வேண்டும் என்று தேர்ந்துகொள்ள இன்னொரு பொத்தான். பாட்டில் ரீங்காரம் வந்தால் என்னைப் படிப்பித்தவர்கள் காதைத் திருகுவார்கள். இங்கே அதையே பொத்தான் போட்டு விற்கிறார்கள். நான் பயபக்தியோடு நம் நாட்டுக் கரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன்.

அசலை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்டுடியோவின் சாமான் அறையில், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஓரத்தைத் தூக்கினேன். தூசியும் சூடேறிய ஒயரும் கலந்த ஒரு வாசனை. ஒரு குமிழைத் திருகினேன். எலும்பு தேய்ந்த முட்டி மாதிரி கரகரத்தது. கரண்ட் கொடுத்தால் எப்படிப் பாடும் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. அதற்குள் அங்கே வேலை பார்த்த அம்மா வந்து விரட்டிவிட்டார்.

ஆக, பழைய மிக்சர் எப்படி ஒலிக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிளகின்காரர்கள் அச்சு அசல் அப்படியே என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு வாங்குகிறேன். வாங்குகிற முக்கால்வாசிப் பேர் என் கேஸ்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று: மெலிந்த குரலை அதன் வழியாக அனுப்பி, உள்ளே வாங்கும் குமிழைக் கொஞ்சம் முறுக்கினால், குரலுக்குச் சதை பிடிக்கிறது. அது எப்படி என்று குடைந்து குடைந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். சமையல் மறந்துபோன நாள் உண்டு.

நாயுடுபேட்டைப் பெண்

கலாக்காவுக்கு வருவோம். பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பல தலைமுறையாக அங்கேயே நிலம் நீச்சு என்று இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே நாகராஜு மாஸ்டரின் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் திருப்பதிக்காரர், தெலுங்கர், கீபோர்டு வாசிப்பவர். திருவிழா, கல்யாணம், கடைத்திறப்பு, எது என்றாலும் மாஸ்டர் குழு வந்து இறங்கும். கலாக்கா பாடினால் கூட்டம் எழுந்து போகாது. அவர்களுடைய பக்திப் பாட்டுகளை நான்தான் மிக்ஸ் செய்வேன். அப்படித்தான் பழக்கம்.

பிறகு கலாக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் திரும்பி வந்த குரல் நூலாக வந்தது. டாக்டர் இரண்டு தடவை உள்ளே பார்த்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்கு, தாராளமா பாடலாம்" என்றுதான் சொன்னார். குரல் மட்டும் நூலாகவே இருந்தது.

அந்த இடைவெளியில் மாஸ்டர், நாயுடுபேட்டையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைப் பாட வைத்துச் சமாளித்தார். மாங்காய் சீசன் நெருங்கியது. சித்தூர்ப் பக்கம் சீசன் என்றால் ஊரூராக விழா, ஊரூராகக் கச்சேரி. கலாக்கா வருவாரா மாட்டாரா என்று மாஸ்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். சரியாக இருந்தால் கலாக்காவுக்கு அவர் இடம். இல்லையென்றால் நாயுடுபேட்டைப் பெண் நிரந்தரம்.

"அந்தப் பொண்ணு மோசமா பாடினா எனக்கு இந்த பயமே இல்ல," என்றார் கலாக்கா, என் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து. "நல்லா பாடுது. அதான்."

டீ போட்டுக் கொடுத்தேன்.

"வூட்ல எல்லா வேலையும் செஞ்சிகினுதான் கீறேன் சுகுணா. சோறாக்குறேன், மாடு பாக்குறேன், கய்னிக்குப் போறேன். ஆனா நான் கலாவதின்னு எனக்குத் தெரியறது அந்த மேடையிலதான். அது போச்சின்னா நான் யாருன்னு யாரை கேப்பேன்?"

அதைச் சொல்லும்போதும் குரலை உயர்த்தவில்லை.

கெட்டிச் சட்னி

"மாஸ்டர் என்னதான்க்கா கேட்டாரு, சரியா சொல்லுங்க," என்றேன்.

"குரலு கெட்டியா இருக்கணும்னாரு. கெட்டியா இருந்தா கலாவுக்கு எடம் கீது, அவ்ளோதான்னுட்டாரு."

"கெட்டியாத்தானே? அதை என்கிட்ட விடுங்க."

நான் திருச்சிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குக் கெட்டி என்றால் கெட்டிச் சட்னி, கெட்டித் தயிர், கெட்டிக் குழம்பு. தண்ணியாக இல்லாமல் கரண்டியில் நிற்பது எதுவோ அது கெட்டி. கெட்டியான குரல் என்று ஒருவர் கேட்டால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அதற்கென்றே செய்து வைத்த சாமான் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது.

கலாக்கா மைக்கை ஒட்டி நின்று ஓர் அம்மன் பாட்டை மெதுவாகப் பாடினார். அவரை அனுப்பிவிட்டு நான் ஆரம்பித்தேன். சேனல் ஸ்ட்ரிப்பில் உள்ளே வாங்கும் குமிழை, ஊசி சிவப்பைத் தொடும்வரை முறுக்கினேன். குரலின் ஓரங்கள் லேசாகப் பொரிந்து மொறுமொறுப்பாகின. அடிவயிற்றுப் பக்கத்துச் சத்தத்தைக் கூட்டினேன். மேலே விசில் மாதிரி கீறிய இடத்தை வழித்தேன். கம்ப்ரெஸரை நன்றாக இறுக்கி, கடைசியில் இருந்த மூச்சுக்காற்றுகூட முன்னால் வந்து நிற்கும்படி செய்தேன். ஒரு பட்டை போதாதென்று அதன்மேல் இன்னொரு பட்டையும் போட்டேன். அவ்வளவு குஷி எனக்கு.

அதைத்தான் அன்றைக்குக் கலாக்கா கேட்டுவிட்டு, யாரு இது என்றார். பிறகு, "நீ சொன்னா சரிதான், அனுப்பு," என்றார். மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன்.

போனில் மாஸ்டர்

கலாக்கா செக்கப்புக்காக மறுபடி திருப்பதிக்கு வந்து, நேரே என் வீட்டுக்கு வந்திருந்தார். பதில் வந்ததா என்று கேட்கக் கூச்சம். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். அப்போது மாஸ்டரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். கலாக்கா வாயில் போட்டதை மெல்லாமல் நிறுத்திவிட்டார்.

"சுகுணாம்மா, பாட்டு பாகுந்தி. ரொம்ப நல்லா கீது," என்றார் மாஸ்டர். "பாடினது எவரு?"

"கலாக்காதான் மாஸ்டர்."

"கலாவதி குரல் எனக்குத் தெரியாதாம்மா? இது வேற யாரோ."

"அவங்கதான் மாஸ்டர். நீங்க கெட்டியா வேணும்னீங்களாம், அதான் நான் கொஞ்சம்..."

மாஸ்டர் நிதானமாகக் கேட்டார். "நேனு கட்டிகா அன்னானு, கட்டிகான்னுதான் சொன்னேன். கட்டிகா அண்ட்டே என்னம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் கட்டிகா என்றால் உரக்க. சத்தமாக. மாஸ்டர் கேட்டது உரத்த குரலை. அந்தக் கட்டிகா பிச்சாட்டூர்ப் பக்கத்துத் தமிழில் நுழைந்து கெட்டியா என்று ஆகியிருக்கிறது. கெட்டியா பேசு என்றால் அங்கே உரக்கப் பேசு என்று அர்த்தம். கலாக்கா சரியாகத்தான் சொன்னார். நான்தான் திருச்சிச் சட்னியை அரைத்து அனுப்பிவிட்டேன்.

"நீ பாயசம் மாதிரி பண்ணி வெச்சிருக்கே," என்றார் மாஸ்டர். கோபமில்லை, சிரிப்பை அடக்குகிற குரல். "பாரும்மா, நாம வாசிக்கிறது கிராமம். பக்கத்துல பம்பை அடிச்சிகினு இருப்பான். பாடற குரல் சின்னதா இருந்தா மைக்கை ஏத்தணும். ஏத்தினா ஸ்பீக்கர் ஊய்னு கூவும். மைக்குக்கு முன்னாடியே தொண்டையில சத்தம் இருக்கணும். அது உந்தா லேதா, இருக்கா இல்லையா, அதான் நான் கேட்டது."

போனை வைத்ததும் கலாக்கா என்னைப் பார்த்தார்.

"நீ தமிழ்தானே? கெட்டியான்னா தெரியாதா?"

"எங்க ஊர்ல அது சட்னிக்குத்தான்க்கா."

"நல்லா கீது போ." சிரிக்க ஆரம்பித்தார். "கழுத்துல இருந்த கட்டிய அறுத்து எடுத்துப் போட்டாங்க. இந்த மனுசன் கட்டி வேணும் கட்டி வேணும்ன்றாரு. நான் எங்க போவேன்?"

சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அதை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

தூங்கிய ஊசி

இந்த இடத்தில் என் குறுகுறுப்பு எட்டிப் பார்த்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு பதிவைக் கேட்டு, பாடியவர் உரக்கப் பாடினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முணுமுணுத்ததை ஃபேடரைத் தள்ளி இடியாக்கலாம். கத்தியதை இறக்கித் தாலாட்டாக்கலாம். குரல் தடிமனா மெலிவா என்று பதிவு சொல்லும். உரக்கவா என்று கேட்டால் அது எதையும் சொல்லும்.

என் சேனல் ஸ்ட்ரிப்புக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வாங்கும் குமிழை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால், வருகிற குரல் பலமாக இருந்தால்தான் ஊசி ஆடும், குரல் பொரியும். மெலிந்து வந்தால் ஊசி படுத்தே கிடக்கும். முன்பு நான் குமிழை முறுக்கிக் குரலைப் பொரித்தேன். குமிழைத் தொடாமல் விட்டால்? கலாக்காவின் தொண்டையே பொரிக்கட்டும். அதைக் கேட்டால் மாஸ்டருக்குப் புரிந்துவிடும்.

முதலில் நானே மைக்கிலிருந்து தள்ளி நின்று கத்தினேன். எனக்குப் பாட்டு வராது. வீட்டுக்காரம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊசி சிவப்பைத் தொட்டது. அந்த இடத்தில் குமிழை நிறுத்தினேன். "அக்கா, இதே இடத்துல நின்னு பாடுங்க. நான் எதையும் தொடமாட்டேன்."

கலாக்கா பாடினார். ஊசி அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

பாடினார். ஊசி தூங்கியது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்கல."

"அப்புறம் என்ன? டாக்டர் நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு."

கலாக்கா தழும்பைத் தொட்டார். "பிரிஞ்சிடும்னு பயம் சுகுணா. தையலு உள்ள பிரிஞ்சிடும்னு. மாட்டைக்கூட நான் கை தட்டித்தான் கூப்பிடறேன். வூட்ல யாரையும் பேர் சொல்லி கூப்பிட்டு எத்தினி நாளாச்சி."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டியை எடுத்த நாளிலிருந்து இந்த மனுஷி ஒருதடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கதவு சாத்தியிருந்தும் குனிந்து கிசுகிசுத்தது அதனால்தான். உரத்த குரல் இருக்கிறதா இல்லையா என்று மாஸ்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, கலாக்காவுக்கே தெரியாது. இருக்கிறதா என்று பார்க்கவே அவருக்குப் பயம்.

மாஸ்டரைக் கூப்பிட்டு, பதிவு வேண்டாம், நேரில் கேளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். ஊசி கதையைச் சொன்னேன். "சரி, பங்காருபாளையம் வரச்சொல்லு," என்றார். அங்கே மாங்காய் மண்டிக்காரர்கள் நடத்தும் விழாவில் கச்சேரி. பகலிலேயே வந்துவிட வேண்டும், ஸ்பீக்கர் கட்டுவதற்கு முன்னால்.

மண்டியில்

சித்தூரில் பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மண்டி முழுக்க மாம்பழமும் வைக்கோலும் அழுகலும் கலந்த வாசனை. லாரியில் மாம்பழக் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் டமார் டமாரென்று விழுந்தது. ஒரு கோடியில் மேடை. மாஸ்டர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒயர்களுக்கு நடுவில் நின்றார். நாயுடுபேட்டைப் பெண்ணும் வந்திருந்தாள். ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து மாங்காய்க் கீற்றைத் தின்றுகொண்டிருந்தவள், கலாக்காவைப் பார்த்ததும் இறங்கி, பையை வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியும் எதற்கு வந்திருக்கிறோம் என்று.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் ஒருவர் கூட்டம் உட்காரும் இடத்தின் கடைசி வரைக்கும் நடந்து போய், மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். பாடுகிற வார்த்தை புரிந்தால் கையைத் தூக்குவார். முகம் பார்த்தால் உதட்டைப் படித்துவிடுவோமாம், அதனால்தான் முதுகு.

"சுகுணாம்மா, நீ போ," என்றார் மாஸ்டர். "வாசல் கேட் பக்கத்துல நில்லு. மைக் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தம் கேட்டா தூக்காதே. வார்த்தை புரிஞ்சாத்தான் தூக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கலாக்கா, "போ மே," என்றார். போனேன்.

கேட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்து நின்றேன். பின்னாலிருந்து பாட்டு ஆரம்பித்தது. அதே அம்மன் பாட்டு. கிரேட் விழும் சத்தத்துக்கு நடுநடுவே ஒரு நூல் மாதிரி வந்தது. முதல் அடி புரிந்தது. இரண்டாவது அடி புரிந்தது. கையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு அது புரிகிறதா, நினைவில் இருக்கிறதா? அந்தப் பாட்டை மிக்ஸ் செய்யும்போது எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். நூல் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் போதும், மிச்சத்தை மண்டை நிரப்பிக்கொள்ளும். கையைத் தூக்கினால் கலாக்காவுக்கு மேடை. ராத்திரி அந்த மேடையில் ஸ்பீக்கர் ஊய் என்று கூவினால், எல்லார் முன்னாலும் நிற்கப்போவதும் அவர்தான். தூக்கிவிடு, தூக்கிவிடு என்று ஒரு மனது கெஞ்சியது. என் கை தொங்கிக்கொண்டே இருந்தது.

பாட்டு நின்றது. அழுதுவிடக் கூடாது என்று ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏமே சுகுணா!"

முதுகில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

"செவுடா நீ? இம்மாம் வெய்யில்ல தொண்டை கிழிய கத்திகினு கீறேன், கைய தூக்கறதுக்கு இன்னா நோவு உனக்கு? எருமை மாடு மாதிரி நின்னுகினு கீற! சட்னி அரைக்கிறதுக்குத்தான் லாயக்கு நீ!"

லாரிக்காரர்கள் கிரேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். ரோட்டில் போன ஒரு ஸ்கூட்டர் வேகத்தைக் குறைத்து உள்ளே பார்த்தது. இது எனக்கு மனப்பாடம் இல்லாத பாட்டு. ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் புரிந்தது.

கையைத் தூக்கினேன்.

பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "அதி. கட்டிகா அண்ட்டே அதி, அதுதான். அந்தக் கோவம் ஆறுறதுக்குள்ள பல்லவி எடும்மா."

கலாக்கா பல்லவியை எடுத்தார். பாட்டு முடிகிறவரைக்கும் நான் கையை இறக்கவில்லை.